பிறப்புறுப்பு மருவுக்கான களிம்பை வாயிலும் தடவலாமா?

கேள்வி:
ஹெச்பிவி (மருவை உண்டாக்கும் வைரஸ்) தொற்றால் பிறப்புறுப்பில் வந்த மருவுக்கு டாக்டர் இமிக்விமாட் 5% களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். உதட்டின் உட்பக்கமும் இரண்டு சிறு மரு தெரிகிறது. அதே களிம்பை அங்கும் போடலாமா? இதெல்லாம் பின்னாளில் புற்றுநோயாகுமா?

பதில் 1:
வாய்க்குள் வேண்டவே வேண்டாம். அது வெளித்தோலுக்கான மருந்து. வாரத்தில் மூன்று இரவு, ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிசாகத் தடவி 6 முதல் 10 மணி நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். மரு போகும்வரை, அதிகம் போனால் 16 வாரம். சீக்கிரம் போகட்டும் என்று தினமும் தடவிப் புண்ணாக்கிக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்த மருந்து வைரஸை நேராகக் கொல்வதில்லை. அந்த இடத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடுகிறது. அதனால் கொஞ்சம் சிவப்பதும் எரிவதும் இருக்கத்தான் செய்யும். தோல் உரிந்தால் சில நாள் நிறுத்தி, ஆறியபின் தொடருங்கள். களிம்பு ஆணுறையைப் பலவீனமாக்கும், தோலில் இருக்கும்போது உறவு கூடாது. கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கைமருவுக்கு விற்கும் சாலிசிலிக் அமிலமும் இந்த இரண்டு இடத்துக்கும் ஆகாது.

பதில் 2:
உதட்டில் இருப்பது மருதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மஞ்சள் நிறப் பொடிப்பொடிப் புள்ளிகள் என்றால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள், நோயே இல்லை. நாக்கின் மேல்பக்கம், பின்னால் தொண்டைக்கு அருகே வரிசையாக இருக்கும் உருண்டைகளும் இயல்பானவையே. மரு காலிஃபிளவர் பூப்போலச் சொரசொரப்பாக இருக்கும். பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டியெடுத்து பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்புவார்.

பதில் 3:
புற்றுநோய் பற்றி: பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90% ஹெச்பிவியின் பல வகைகளில் 6, 11 ஆகியவற்றால் வருபவை. புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18. ஆனால் ஒருவருக்கே இரண்டு வகையும் இருக்கலாம். ஆகவே மரு போய்விட்டது என்று பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தொண்டையில் 16ஆம் வகை டான்சிலிலும் நாக்கின் பின்பகுதியிலும் ஒளிந்திருக்கும். அதற்கு வழக்கமான பரிசோதனை கிடையாது. கழுத்தில் கட்டியோ ஒருபக்கத் தொண்டைவலியோ 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

கேட்டவர்:
நன்றி. இப்போது தடுப்பூசி போட்டால் பலன் உண்டா? துணையிடமிருந்துதான் வந்ததா?

பதில் 3:
இருக்கிற மருவை ஊசி போக்காது, இன்னும் தொற்றாத வகைகளைத் தடுக்கும். 15 வயதுக்கு மேல் தொடங்கினால் வழக்கமாக 0, 2, 6 மாதங்களில் மூன்று ஊசி. தொற்றிப் பல மாதம் கழித்தும், சிலருக்கு வருடங்கள் கழித்தும் மரு தலைகாட்டும். யாரிடமிருந்து, எப்போது என்று சொல்லவே முடியாது. துணைமேல் சந்தேகப்படாதீர்கள், அவரையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்.