ஈரக் காற்று எடை கூடுமா, குறையுமா?

ஸ்பின்னிங்_கோவை:
நூற்பாலையில, காத்துக்குக் குளிர்ச்சியும் ஈரமும் ஏத்தற ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் பார்க்கிறேனுங்க. ஸ்பின்னிங்ல ஆர்.எச்., அதாவது காத்தோட ஒப்பு ஈரப்பதம், 55-60 சதவீதத்துல நிக்கணும், இறங்கினா இழை அறுந்துக்கிட்டே இருக்கும். ஈரம் ஏறினா பஞ்சும் நூலும் எடை கூடும். பருத்தி நூலுக்கு 8.5 சதவீத ஈரத்தைச் சேர்த்துத்தான் வியாபாரத்துல எடையே பேசறோம். காத்தும் அப்படித்தானுங்களே? பிளான்ட் காத்தைக் கொண்டு வர்ற டக்ட் குழாயோட கிரில்ல இருந்து வர்ற காத்து நேரா தோள் மேல இறங்குது. ஆனா எங்க மாஸ்டர் ஈரக் காத்துதான் லேசுங்கிறாரு. எது சரிங்க?

இயற்பியல்_வாத்தியார்:
மாஸ்டர் சொன்னதுதான் சரி. பஞ்சுக்குள்ள தண்ணி புகுந்தா, இருக்கிற பஞ்சு எங்கேயும் போறதில்ல. அதனால எடை கூடுது. காத்துல அப்படி இல்ல. அழுத்தமும் வெப்பமும் மாறாம இருந்தா, ஒரு கன மீட்டர்ல இத்தனை மூலக்கூறுதான்னு கணக்கு. எந்த வாயுவா இருந்தாலும் அதே எண்ணிக்கைன்னு 1811லயே அவகாட்ரோ சொல்லிட்டார். நீராவி உள்ளே வந்தா, அத்தனை நைட்ரஜனும் ஆக்சிஜனும் இடத்தைக் காலி பண்ணணும். மூலக்கூறு எடையைப் பார்த்தா நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32, நீராவி வெறும் 18!

30 டிகிரி, கடல்மட்ட அழுத்தம்னு வச்சுக்கோங்க. ஒரு கன மீட்டர் உலர் காத்து சுமார் 1,164 கிராம். அதுல ஆர்.எச். நூறு சதவீதத்தைத் தொட்டா 30 கிராம் நீராவி வரும், 49 கிராம் உலர் காத்து போகும். ஒண்ணரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல எடை குறையும். 35 டிகிரி உலர் காத்தோட எடையும் ஏறக்குறைய இதேதான். இடிமழை மேகம் எழும்பறதுக்கு இந்த லேசும் ஒரு கை கொடுக்குது.

ஏர்வாஷர்_பழையகை:
தம்பி, வாத்தியார் கணக்கு சரி. தோள் மேல இறங்குறதுக்குக் காரணம் குளிர்ச்சி. 36 டிகிரி, 40 ஆர்.எச்.ல ஏர் வாஷருக்குள்ள (பிளான்ட்ல காத்துமேல தண்ணி தெளிக்கிற அறை) போற காத்து, தண்ணித் தூறல்ல நனைஞ்சு 26 டிகிரி, 90 ஆர்.எச்.ல வெளிய வருதுன்னு வை. ஏறின ஈரத்தால குறையிற எடை கால் சதவீதம். பத்து டிகிரி இறங்கினதால கூடுற எடை மூணு சதவீதத்துக்கு மேல. அந்தக் காத்து கீழ இறங்காம என்ன பண்ணும்? ஃபேன் வாஷருக்குப் பின்னாடி இருந்தா மோட்டார் ஆம்பியரும் அதுக்குத் தக்கன கொஞ்சம் ஏறும்.

ஸ்பின்னிங்_கோவை:
இப்பத்தான் தெளிவாச்சுங்க. மூடுபனி தரையோட படுத்துக் கிடக்குதே, அதுவும் குளிர்ச்சிதானுங்களா?

இயற்பியல்_வாத்தியார்:
ஆமாங்க. பனியில கண்ணுக்குத் தெரியறது நீராவி இல்ல, தண்ணித் துளி. துளி எடையைக் கூட்டும்தான், ஆனா ஒரு கன மீட்டருக்குப் பெரும்பாலும் அரை கிராமுக்கும் கீழ. தரை குளிர்ந்து, அதை ஒட்டின காத்தும் குளிர்ந்து கனத்துப் போறதாலதான் எழும்பாம கிடக்குது.

ஏர்வாஷர்_பழையகை:
தம்பி, ஆர்.எச். எடுக்குமுன்ன வெட் பல்ப் திரியை, அதான் ஈரத் தெர்மாமீட்டர் குமிழைச் சுத்தியிருக்கிற நனைஞ்ச துணியை, பாரு. பஞ்சுத் தூசி அப்பி இறுகிப் போயிருந்தா தண்ணி சரியா ஆவியாகாது, ரீடிங் கூடுதலாக் காட்டும். மாத்திட்டு எடு.