மாநாட்டுக்குப் போகும் மாணவியின் ஹோட்டல் அறைக்குப் பல்கலைக்கழகத்தையே நேரடியாகப் பணம் கட்ட வைப்பது எப்படி?

வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளராக) இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தின் மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவிக்கு இந்த ஆண்டு சாக்னாஸ் மாநாட்டில் தன் ஆய்வைப் போஸ்டராக வைத்து விளக்க இடம் கிடைத்திருக்கிறது. (ஹிஸ்பானிய, பூர்வகுடி அமெரிக்க அறிவியலாளர்களுக்காக 1973இல் தொடங்கிய அமைப்பு.) மிளகாய்ச் செடியின் வேரழுகல் நோய் பற்றிய ஆய்வு. நன்றாகவே செய்திருக்கிறார்.

துறை செலவை ஏற்கத் தயார்தான். ஆனால் போய்வந்து ரசீது கொடுத்த பிறகே தரும். அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பம், வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள், கிரெடிட் கார்டு கிடையாது. வார இறுதியில் மளிகைக் கடையில் பில் போடுகிற பெண்ணிடம் 'முதலில் நீ போடு' என்றால் எங்கே போவார்?

மாநாட்டின் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. விமான டிக்கெட்டையும் பதிவுக் கட்டணத்தையும் துறையே கட்டிவிட்டது. அறைதான் இழுக்கிறது. துறையின் கார்டு ஊழியர் பயணத்துக்கு மட்டுமாம். சரி, நான் கட்டுகிறேன் என்றால், மாணவர் செலவை என் பெயரில் திருப்பித் தர மாட்டார்களாம். அப்புறம், செக்-இன் செய்பவர் பெயரிலேயே கார்டு வேண்டும் என்கிறது ஹோட்டல். டெபிட் கார்டு கொடுத்தால் டெபாசிட்டுக்கு ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். அது அவருடைய அந்த வாரச் சாப்பாட்டுப் பணம்.

அறை வாடகை, டெபாசிட் இரண்டையும் பல்கலைக்கழகமே ஹோட்டலுக்கு நேராகக் கட்டும்படி இளங்கலை மாணவருக்குச் செய்துகொடுத்தவர்கள், எந்த அலுவலகத்தில் என்ன கேட்டு வாங்கினீர்கள்?