தட்டைக் கூரையில ஸ்னோ எவ்வளவு பாரம் எண்டு எப்படிக் கணக்கெடுக்கிறது? (மொன்றியல்)

வடலி:
வணக்கம். மொன்றியலில பழைய ரெண்டு மாடி வீடு. பின்னால இழுத்துக் கட்டின ஒரு மாடி அறை, 6 மீற்றருக்கு 4 மீற்றர், தட்டைக் கூரை. கூரை நடுவில ஸ்னோ 45 சென்ரிமீற்றர். மேல்மாடிச் சுவரோட காத்து ஒதுக்கினது 110. ஒரு சென்ரிமீற்றர் ஸ்னோவுக்கு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ எண்டு பிடிச்சால் நடுவில 45 கிலோ வருது. நேற்று மழையும் பெய்தது. கணக்குச் சரியோ?

கூரைத்தச்சன்:
முதல்ல அந்த அறைக்குள்ள பாருங்கோ. நேற்றுவரை லேசாத் திறந்த கதவு இறுகுதோ, சீலிங்கில புது வெடிப்போ தொய்வோ தெரியுதோ, மரம் முறியிற சத்தம் கேக்குதோ? ஒண்டு இருந்தாலும் கணக்கை விட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து 911க்கு அடியுங்கோ.

ஒண்டும் இல்லையெண்டால் கணக்குக்கு வருவம். உங்கட ஒரு கிலோ இப்ப விழுந்த ஸ்னோவுக்குத்தான் பொருந்தும். கிடந்து இறுகினது 2 முதல் 3 கிலோ வரும், காத்து அடிச்சுக் குமிச்சது அதுக்கும் மேல. ஐஸ் ஒரு சென்ரிமீற்றருக்கு 9 கிலோ. மழைத் தண்ணியை ஸ்னோ பஞ்சு மாதிரி உறிஞ்சி வைச்சிருக்கும். உயரம் குறையும், பாரம் கூடும். அதால அளவுகோல் காணாது, நிறுக்க வேணும்.

உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் பைப் ஒண்டு எடுங்கோ. கூரையில ஏறாமல் மேல்மாடி ஜன்னலால ஒரு இடம், ஏணியில நிண்டு விளிம்புப் பக்கம் ஒரு இடம். நேர் கீழ இறக்கி, அடியில தட்டினதும் நிப்பாட்டுங்கோ. முறுக்கினால் கூரை விரிப்பு கிழியும். அடியால ஒரு தகட்டைச் செருகித் தூக்கி, பையில கொட்டி நிறுங்கோ. கிலோவை 127ஆல பெருக்கினால் சதுர மீற்றருக்கான பாரம். பைப் வாய் 78.5 சதுர சென்ரிமீற்றர், அதால தான் 127. உங்கட பைப்பின்ர விட்டம் வேறயெண்டால் இந்த எண்ணும் மாறும்.

வடலி:
நன்றி அண்ணை. கதவு, சீலிங் ஒண்டும் மாறேல்லை. விளிம்பில ஆழம் நடுவில மாதிரி 45 தான்: 0.98 கிலோ. சுவரடியில 2.75 கிலோ. பைப்புக்குள்ள மேல மாவு மாதிரி, நடுவில சீனி மாதிரிப் பரல், அடியில கண்ணாடி மாதிரி ஐஸ்.

கூரைத்தச்சன்:
அப்ப விளிம்பில 124 கிலோ, சுவரடியில 350. நீங்கள் போட்டது 45உம் 110உம். ரெண்டு இடத்திலயும் ஏறத்தாழ மூண்டு மடங்கு. ஐஸை பைப் முழுசா வெட்டாமல் விட்டிருந்தால் மிச்சத் தடிப்பை அளந்து, சென்ரிமீற்றருக்கு 9 கிலோ கூட்டுங்கோ.

ரெண்டையும் சராசரி எடுக்க வேண்டாம். அந்த 350 சுவரோரத்திலதான் இறங்குது, அங்க இருக்கிற தீராந்திகள் (கூரையைத் தாங்கிற மர விட்டங்கள்) தான் அதைத் தாங்க வேணும்.

மேப்பிள்:
தேசியக் கட்டடக் கோவையில மொன்றியல் நிலத்து ஸ்னோ 2.6 கிலோபஸ்கால், மழை 0.4. கூரையில நிலத்தைவிடக் குறைவாக் கிடக்கும் எண்டு 0.8ஆல பெருக்கிறது. சாதாரண தட்டைக் கூரைக்கு 2.6 × 0.8 + 0.4 = 2.48. ஒரு கிலோபஸ்கால் சதுர மீற்றருக்கு 102 கிலோ, அதாவது 253 கிலோ. நடுவில 124 தானே, அங்க பயமில்லை.

கூரைத்தச்சன்:
அந்த எண் கோவைப்படி கட்டின கூரைக்கு. இவரின்ர பழைய வீடு. தீராந்தி தடிப்பும், உக்கலும், பிறகு ஆரும் வெட்டினதும் தெரியாமல் 253ஐ நம்பேலாது. 2006 ஜனவரியில ஜெர்மனியில பாட் ரைஹன்ஹால் ஐஸ் மைதானக் கூரை விழுந்து 15 பேர் செத்தது. கிடந்த ஸ்னோ கூரைக்குக் கணக்குப் போட்ட பாரத்தைத் தாண்டேல்லை; ஈரத்தில பசை விட்ட மர உத்தரம் தான் போனது.

வடலி, சுவரடிக் குவியலை இண்டைக்கே குறைக்க வேணும். பாதுகாப்புக் கயிறு கட்டி வேலை செய்யிற ஆக்களைக் கூப்பிடுங்கோ. இதை அவையிட்டச் சொல்லுங்கோ: பிளாஸ்ரிக் ஷவல் மட்டும். அடியில 5 முதல் 10 சென்ரிமீற்றர் விட வேணும். குவியலை மேலால தட்டுத் தட்டா எடுத்து நேர வெளிய எறிய வேணும், கூரை நடுவுக்குத் தள்ளக்கூடாது. கூரைத் தண்ணிக் குழாய் வாயைக் கிளறி விட வேணும். அது அடைபட்டால் உருகிற தண்ணி அங்கயே குளமாகும், ஒரு சென்ரிமீற்றர் தண்ணி சதுர மீற்றருக்கு 10 கிலோ. உப்புப் போட விட வேண்டாம், விரிப்புக்கும் தகட்டுக்கும் கூடாது.

வடலி:
மத்தியானம் ஆக்கள் வருகினம். அதுவரை அந்த அறையைப் பூட்டி வைச்சிருக்கிறன்.