மட்டி லார்வா மீனில் தங்கவில்லை, யோசனை வேண்டும்

500 லிட்டர் சிமென்ட் தொட்டி, அடியில் 10 செ.மீ. ஆற்று மணல், 20 ஏரி மட்டி (லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ்). தண்ணீர் பாசிப் பச்சையாகவே இருக்கிறது. தெளிந்த நீரில் மட்டி பட்டினி கிடந்து சாகும். குளோரின் தண்ணீர் விடுவதில்லை.

சிக்கல் லார்வாவில்தான்; அது சில நாள் மீனில் ஒட்டி வளர்ந்து, குட்டி மட்டியாகி விழ வேண்டும். வெளிச் செவுள் தடித்த மட்டியிலிருந்து எடுத்த குளோக்கிடியத்தின் (இந்த லார்வாவின் பெயர்) மேல் ஒரு துளி உப்புநீர் விட்டால் ஓடு படக்கென்று மூடுகிறது. ஆக, உயிருள்ளது, முதிர்ந்தது. ரோகு குஞ்சுகள் 10 உள்ள வாளியில் விட்டால் செவுளில் ஒட்டவும் செய்கிறது. ஆனால் மூன்றாம் நாளே உதிர்ந்துவிடுகிறது.

மீன் இனமே பொருந்தவில்லையா? இல்லை, ஏரியில் பிடித்த குஞ்சுகள் என்பதால் முன்பே லார்வா ஏறி எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா? (பண்ணைக் குஞ்சு வாங்கியிருக்கலாம்.) குட்டி மட்டி விழும்வரை கொண்டுபோனவர்கள் எந்த மீன், என்ன நீளம், தண்ணீர் எத்தனை டிகிரி என்று சொல்லுங்கள்.