ட்ரேயில் ஆறு ஓடவைக்க உதவி தேவை

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு வடிகால் அமைப்புகளை, அதாவது ஆறுகளும் கிளையாறுகளும் நிலத்தில் ஓடும் வடிவங்களை, செய்து காட்டலாம் என்று பழைய தகர ட்ரேயோடு உட்கார்ந்திருக்கிறேன். மணலைக் குவித்து உச்சியில் தண்ணீர் விட்டால் நாலா பக்கமும் ஓடுகிறது. மத்தியப் பிரதேசத்து அமர்கண்டக் மலையிலிருந்து நர்மதை மேற்கேயும் சோன் ஆறு வடக்கேயும் போகிற மாதிரி. சரி, ஆர வடிவம் வந்துவிட்டது.

வம்பு பண்ணுவது கொடிப்பந்தல் வடிவம்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் கெட்டியான மணற்பாறை வரப்பு வரப்பாக நிற்கிறது, நடுவிலுள்ள சுண்ணாம்புப் பாறை கரைந்து பள்ளத்தாக்காகிறது, கிளையாறுகள் செங்கோணத்தில் வந்து சேர்கின்றன. அதற்காகக் களிமண்ணையும் மணலையும் பட்டை பட்டையாக அடுக்கினேன். இரண்டே நிமிடத்தில் எல்லாம் சேறு! களிமண்ணுக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடலாமா? ட்ரேயை எவ்வளவு சாய்க்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வியாழக்கிழமை வகுப்பு.