13-லிருந்து 15-க்கு மாறினால் எந்த ஆஃப்செட் இடிக்காது?

நாலுநட்டு:
வணக்கம். வண்டி 1993 ஹோண்டா சிவிக். இப்போ இருப்பது 13×5 இரும்பு ரிம் (13 அங்குல விட்டம், 5 அங்குல அகலம்), ஈ.டி. (அதாவது ஆஃப்செட்) 45 மி.மீ., டயர் 175/70 ஆர்13. ஹப் 4×100 (100 மி.மீ. வட்டத்தில் 4 ஸ்டட்), நடு ஓட்டை 56.1 மி.மீ. பழைய அலாய் ஒரு செட் விலைக்கு வருது: 15×7, ஈ.டி. 35, நடு ஓட்டை 73.1. அதில் 195/50 ஆர்15 டயர் போடலாம்னு நினைக்கிறேன். சஸ்பென்ஷன் கம்பெனி உயரத்திலேயே இருக்கு, இறக்கப் போவதில்லை. மட்கார்டு விளிம்பை மடக்காமல், ஸ்பேசர் வைக்காமல் இது உட்காருமா? ஈ.டி. 10 குறையுது, அப்போ சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும், அவ்வளவுதானே?

பழைய இரும்பு:
டயர் தேர்வு சரி. 175/70 ஆர்13-ன் விட்டம் 575.2 மி.மீ., 195/50 ஆர்15-ன் விட்டம் 576. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்லும் பாரக் குறியீடும் இரண்டிலும் 82தான் (475 கிலோ). வாங்கும்போது பக்கச்சுவரில் அதைப் பார்த்துக்கோங்க. இதே 195-ல் 55 தொடர் (பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 55 சதவீதம்) எடுத்தால் விட்டம் 595.5 ஆகிடும், 3.5 சதவீதம் அதிகம். அதைத் தொடாதீங்க.

"10 மி.மீ. தானே" என்பதில்தான் ஆட்கள் மாட்டுறாங்க. ஆஃப்செட் சொல்வது ரிம்மின் நடுக்கோடு ஹப் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு மட்டும்தான். ரிம் அகலமும் 5-லிருந்து 7-க்குப் போகுதே. அகலத்தில் பாதியிலிருந்து ஈ.டி.யைக் கழித்தால் வெளிப்பக்கம், கூட்டினால் உள்பக்கம். உங்க பழைய ரிம்: 63.5 − 45 = 18.5 வெளியே, 108.5 உள்ளே. புதுசு: 88.9 − 35 = 53.9 வெளியே, 123.9 உள்ளே. அதாவது ரிம் விளிம்பு வெளியே 35 மி.மீ., உள்ளே 15 மி.மீ. நகருது.

ஆனால் முதலில் இடிப்பது ரிம் இல்லை, டயரின் வயிறு. 195/50-ன் அகலம் 6 அங்குல ரிம்மில் அளந்தது. ரிம் அரை அங்குலம் கூடும்போதெல்லாம் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். 7 அங்குலத்தில் அது ஏறக்குறைய 205. அதை வைத்துக் கணக்குப் போட்டால் டயர் வெளியே 25 மி.மீ., உள்ளே 5 மி.மீ. கூடுது. இந்த 25-க்கு உங்க வண்டியில் இடம் இருக்கான்னு அளந்து சொல்லுங்க. இப்போதைய டயரின் வயிற்றிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, முன்னும் பின்னும் தனித்தனியா. உள்பக்கம் டயருக்கும் நக்கிளுக்கும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) நடுவில் எவ்வளவு என்பதும் வேணும்.

ஸ்டெப்னி:
வாங்குறதுக்கு முன்னாடி ஈ.டி. 35 என்பது நிஜமான்னு பாருங்க. ஸ்போக்கின் பின்பக்கம் வார்ப்பிலேயே எழுதியிருக்கும். பவுடர் கோட் அடித்த ரிம்மில் எழுத்து மூடிப்போயிருந்தால் அளக்கணும். ரிம்மை முகம் குப்புற வைத்து, பின் விளிம்பின் மேல் நேரான கம்பி ஒன்றைக் குறுக்கே போட்டு, கம்பியின் அடியிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளங்க, இதுதான் பின்னளவு. அதிலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஈ.டி. மொத்த அகலம் என்பது விளிம்புக்கு விளிம்பு. 7 அங்குல ரிம்மில் அது சுமார் 203 மி.மீ. வரும், 178 இல்லை. 7 என்பது டயர் உட்காரும் இடத்துக்கான அளவு. பின்னளவு 137 என்று வந்தால் 137 − 101.5 = 35.5. இதையே 89 கழித்து 48-ன்னு சொல்லி விற்பவங்களும் உண்டு.

பி.சி.டி.யையும் (ஸ்டட் ஓட்டைகள் இருக்கும் வட்டத்தின் விட்டம்) அளந்துடுங்க. நாலு ஓட்டையில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை 100 வரணும். ஃபியட்காரங்க பயன்படுத்தும் 4×98 கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், முறுக்கினால் ஏறியும் விடும். ஆனால் ஸ்டட் வளைந்த நிலையிலேயே ஓடிக்கிட்டிருக்கும்.

நாலுநட்டு:
நன்றி. அளந்துட்டேன். வெளியே முன்பக்கம் 28, பின்பக்கம் 20. உள்ளே குறைந்த இடத்தில் 18 மி.மீ. அப்போ பின்னாடி 5 மி.மீ. வெளியே நீட்டுது, சரியா?

பழைய இரும்பு:
சரி. இந்த செட்டை விட்டுடுங்க. பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும், அதனால இடிக்காமல் போகவும் வாய்ப்பு உண்டுன்னு சிலர் சொல்வாங்க. சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களுக்கு முப்பது வயசு ஆன வண்டியில் அதை நம்ப மாட்டேன். பின் சீட்டில் மூணு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் விளிம்பு டயரைச் சீவிடும்.

15×6.5, ஈ.டி. 40 கிடைத்தால்? டயர் 200 ஆகும், வெளியே 17.5 கூடும், பின்னாடி மிச்சம் 2.5 மி.மீ. தாளில் மட்டும்தான் அது இடம். 15×6, ஈ.டி. 45 என்றால் வெளியே 10, உள்ளே 10 கூடும். வெளியே 18-ம் 10-ம் மிஞ்சும், உள்ளே 8. உள்பக்கத்துக்கு 5 போதும். நடுக்கோடும் நகராததால் ஸ்டீயரிங் கனம், வீல் பேரிங் சுமை பெரிசா மாறாது. ஈ.டி. குறையக் குறைய குழிகளில் ஸ்டீயரிங் கையை உதறும், அதுவும் முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் நல்லாவே தெரியும்.

கிரீஸ்கை:
என்னைக் கேட்டால் 14×5.5, ஈ.டி. 45, அதில் 185/60 ஆர்14. விட்டம் 577.6. பக்கச்சுவர் 111 மி.மீ. இருக்கும், 195/50-ல் 97.5தான். குழியில் அடிபட்டால் ரிம் பிழைக்கும், எடையும் குறைவு.

எதை வாங்கினாலும் நட்டைக் கவனிங்க. ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம். வெளி அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டையைக் கூம்பில் முறுக்கினால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் ஒட்டும், கொஞ்ச தூரத்திலேயே தளரும். எம்12×1.5 கூம்பு நட்டு 16 வாங்குங்க. விரலாலேயே குறைந்தது 8 சுற்று ஏறணும்.

நடு ஓட்டை 73.1 மாதிரி பெரிசா இருந்தால் 73.1–56.1 வளையம் போடணும். போடாவிட்டால் சக்கரம் ஹப்பில் நடுவில் உட்காராமல் ஒரு வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்ஸ் எத்தனை தடவை செய்தாலும் போகாது. வளையம் போடும் முன் ஹப் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா (முழு லாக்) திருப்பிப் பாருங்க. பிறகு கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து அமுக்கி, மட்கார்டு உள்விளிம்பில் களிமண் உருண்டை ஒட்டி வைத்தால் எங்கே தொடுதுன்னு தெரிஞ்சிடும். நட்டு 108 நியூட்டன் மீட்டர், குறுக்குக்குறுக்காக, வண்டியை இறக்கிய பிறகு. 80–100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.

ஸ்டெப்னி:
டிக்கியில் இருக்கும் 13 அங்குல இரும்பு ரிம் விட்டத்தில் பொருந்துது, அப்படியே வைத்துக்கலாம். ஆனால் அதுக்குப் பழைய உருண்டை நட்டுதான் வேணும். நாலை ஒரு பையில் கட்டி அது கூடவே போட்டு வைங்க.