புதுப்பிப்பு: சாப்பிடாமல் கிடந்த எங்கள் வள்ளிக்குக் கணைய அழற்சிதான்

காரைக்குடியில் எங்கள் பூனை வள்ளி இரை எடுக்காமல் வளவு மூலையில் சுருண்டு கிடக்கிறாள், அவ்வப்போது வாந்தி என்று முன்பு கேட்டிருந்தேன். முடி உருண்டை, குடற்புழு என்று பலரும் சொன்னீர்கள். இரண்டும் இல்லை; கணைய அழற்சி, அதாவது செரிமானத்துக்கு உதவும் கணையம் வீங்கிப் புண்படும் நோய்.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் அமிலேஸ், லிப்பேஸ் (செரிமான நொதிகள்) அளவுகளைப் பூனைக்கு நம்ப முடியாதாம். பூனைக் கணையத்துக்கென்றே உள்ள லிப்பேஸ் பரிசோதனைக்கு மாதிரியைச் சென்னைக்கு அனுப்பினோம். அளவு கூடுதலாக வந்தது. ஸ்கேனிலும் கணையம் வீங்கித் தெரிந்தது. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர்.

குளுக்கோஸ் ஏற்றுவதுபோல நரம்பு வழியே திரவம், வாந்திக்கு மாரோபிட்டன்ட், வலிக்கு ப்யூப்ரினார்பின். பூனை வலியைக் காட்டாது, அதனால் வலி மருந்தை விடவே கூடாது. (வீட்டிலுள்ள பாராசிட்டமாலைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.)

எங்கள் ஆத்தா, "வயிற்றைக் காயப்போடு, சரியாகும்" என்றார்கள். பூனை விஷயத்தில் இதுதான் ஆபத்து. சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே வினையாகும். வாந்தி அடங்கியதும் மூக்கு வழியே மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். எனக்குப் பார்க்கவே தாங்கவில்லை, ஆனால் அவளைக் காப்பாற்றியது அதுதான் என்று நம்புகிறேன்.

இப்போது தானாகச் சாப்பிடுகிறாள். வைட்டமின் பி12 ஊசி தொடர்கிறது. கணையம் பாதிக்கப்பட்டால் பின்னால் சர்க்கரை நோய் வரலாம் என்பதால் அடுத்த முறை அதையும் பார்க்கிறோம்.